காதுக்குள் மடிந்த தோல்

நாயின் காதுநோயைப் பற்றி எழுதப் புகுகிறவன் முதலில் அதன் தோலைப் பற்றி எழுத வேண்டியவனாகிறான். வயிற்றிலும் அக்குளிலும் விரலிடுக்கிலும் நாயின் உடம்பைப் போர்த்தியிருக்கிற அதே தோல்தான் காதுமடலின் உட்புறமாக இறங்கி, ஒரு குழாயாக மடிந்து, செவிப்பறை வரையில் சென்று முடிகிறது. அதில் மயிர்க்கால்கள் உண்டு. எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. குறும்பியை உண்டாக்கும் விசேஷச் சுரப்பிகளும் உண்டு. ஆகவே வெளித்தோலுக்கு வருகிற எந்த உபாதையும் காதுக்குள்ளும் வரக்கூடும். வெளியே இலேசான அரிப்பாக நின்றுவிடக்கூடிய ஒரு விகாரம், வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத அந்தக் குறுகிய குழாய்க்குள் புகுந்துகொண்டால், சில தினங்களுக்குள் சீழும் துர்நாற்றமும் வேதனையுமாக முற்றிவிடுகிறது. காதில் சீழ் வடிகிற நாயைக் கண்டவுடன் எந்தக் கிருமி என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கிருமி குடியேற இடங்கொடுத்தது எது என்ற கேள்வி அதற்கு முந்தியது. ஒரே நாய்க்கு ஒரே ஆண்டில் மூன்று முறை, நான்கு முறை என்று காதுநோய் திரும்பத் திரும்ப வருவதற்கும், ஒவ்வொரு முறையும் சொட்டு மருந்தினால் குணமானாற்போலத் தோன்றி மறுபடியும் தலைகாட்டுவதற்கும், பெரும்பாலும் அந்த முந்திய கேள்வி கேட்கப்படாமற் போவதே காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மனிதனுடைய காதுக்குழாய் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ளது, அநேகமாக நேரானது. நாயின் குழாயோ, இனத்தையும் சரீரப் பருமனையும் பொறுத்து, 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளம் கொண்டது. வாயிலிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கி, தாடையின் பின்புறத்தை நெருங்கியதும் உள்நோக்கித் திரும்பி, கிடையாகச் சென்று செவிப்பறையை அடைகிறது. இந்தத் திருப்பத்தினால் இரண்டு விளைவுகள் நேர்கின்றன. குளிக்கும்போதோ நீந்தும்போதோ உள்ளே போன நீர் எளிதில் வெளியே வருவதில்லை என்பது ஒன்று. காதுமடலைத் தூக்கிப் பார்த்து 'சுத்தமாகத்தான் இருக்கிறது' என்று நாம் திருப்தியடைகிறபோது, குழாயின் முற்பகுதியை மாத்திரமே பார்த்திருக்கிறோம் என்பது மற்றொன்று. நோய் இருக்குமிடம் பெரும்பாலும் அந்தத் திருப்பத்துக்கு அப்பால்.

இவ்வளவு ஆழமான குழாயில் அழுக்கு சேராமல் இருப்பது எப்படி? செவிப்பறையின் மேல் உண்டாகும் புதிய தோல் உயிரணுக்கள் அங்கேயே நிலைத்திராமல், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைந்த வேகத்தில், ஆனால் இடையறாமல், வெளிவாயிலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நகரும்போது குறும்பியையும் தூசியையும் உதிர்ந்த மயிரையும் தம்மோடு சுமந்து வருகின்றன. இந்த ஏற்பாடு ஒழுங்காக நடைபெறுகிற காதுக்கு மனிதன் செய்ய வேண்டிய துப்புரவு ஒன்றுமில்லை. தினந்தோறும் பஞ்சினால் துடைக்கிற அன்பு மிகுந்தவர்கள் அந்த மென்மையான தோலை உராய்ந்து புண்ணாக்குகிறார்களே தவிர வேறு பயனில்லை. ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் தோலில் அழற்சி தோன்றிவிட்டால் அது தடிக்கிறது, மடிப்புகள் விழுகின்றன, சுரப்பிகள் பெருத்து அளவுக்கு மீறிச் சுரக்கின்றன, உயிரணுக்களின் யாத்திரை தடைப்பட்டு நின்றுபோகிறது. அதன்பின் உள்ளே இருப்பது உள்ளேயே தங்கிப் புளிக்கத் தொடங்குகிறது.

தொங்கும் காதுகளே இந்நோய்க்குக் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. காட்டில் வாழும் ஓநாயின் காதுகள் நிமிர்ந்து நிற்கின்றன. மனிதன் வளர்த்த மிருகங்களிலோ தொங்கிய காது ஏதாவதொரு தேசத்தில் காணப்படாத ஜாதியே இல்லை என்று சார்லஸ் டார்வின் தம் 1859-ஆம் ஆண்டு நூலில் குறிப்பிட்டிருக்கிறார். லண்டனிலுள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 22,000-க்கும் மேற்பட்ட நாய்களின் சிகிச்சைக் குறிப்புகளைப் பரிசோதித்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஓர் ஆண்டுக் காலத்துக்குள் நூற்றுக்கு 7-க்குச் சற்று அதிகமான நாய்களுக்குக் காதுநோய் கண்டிருந்தது. பாசெட் ஹவுண்டு, சீனத்து ஷார் பெய், பீகிள், கோல்டன் ரிட்ரீவர் முதலிய இனங்கள் முன்வரிசையில் நின்றன. தொங்கும் காதுடையவற்றுக்கு ஆபத்து, நிமிர்ந்த காதுடையவற்றைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. எனினும் இதிலிருந்து நாம் அறிவது, மூடிய காது நோய்க்கு அனுகூலமான ஸ்தலம் என்பது மட்டுமே. வாழ்நாள் முழுவதும் தொங்கிய காதுகளோடு ஒரு நாளும் சீழ் வடியாமல் வாழ்ந்து முடிக்கிற நாய்கள் எண்ணிறந்தவை. காதுகளைக் கம்பீரமாக நிமிர்த்திக்கொண்டு நடக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் தீராத காதுநோயால் வாடுபவையும் உண்டு. குழாய்க்குள்ளேயே அடர்ந்து மயிர் முளைக்கிற பூடில், சுரப்பிகள் இயல்பாகவே மிகுந்த காக்கர் ஸ்பேனியல், பிறவியிலேயே குழாய் குறுகிப்போன ஷார் பெய் ஆகியவற்றின் உடலமைப்பும் நோய்க்கு அனுகூலமான ஸ்தலத்தைத் தருவது மட்டுமே. இவற்றோடு நம் கடலோர நகரங்களின் வெப்பமும் ஈரமும் சேரும்போது, குளித்த பின் காது உலராத லாப்ரடார் ஒன்று நோய்க்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

நோயை அடையாளம் காண்பதற்குக் கண்ணைவிட மூக்கும் கையும் அதிகமாக உதவுகின்றன. நாய் அடிக்கடி தலையை உதறுகிறது. பின்னங்காலால் காதின் அடியைச் சொறிகிறது. சோபாவின் விளிம்பிலும் சுவரிலும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே நடக்கிறது. இவை யாவரும் அறிந்த குறிகள். அவ்வளவாகக் கவனிக்கப்படாதவையும் சில உண்டு. இதுவரை தலையைத் தடவினால் கண்மூடி நின்ற நாய், திடீரென்று கைக்கு எட்டாமல் விலகிச் செல்லத் தொடங்கும். கழுத்துப்பட்டை மாட்டும்போது உறுமும். கடினமான எலும்பை வாயில் வைத்துவிட்டு, மெல்லாமல் கீழே போட்டுவிடும். குணம் கெட்டுவிட்டதென்று இத்தகைய நாயை அடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த அடி, வலிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே விழுகிறது என்பதை நினைக்கையில் மனம் துணுக்குறுகிறது. காதுநோயுள்ள நாய் தன் வேதனையைச் சொல்லும் முறை, தன்னைத் தொடவிடாமல் இருப்பதுதான்.

மடலை மெதுவாகத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஆரோக்கியமான காதுக்கு மெழுகின் மெல்லிய மணத்தைத் தவிர வேறு வாடை கிடையாது. ஈஸ்ட் என்னும் நுண்காளான் பெருகிய காதிலிருந்து, இரண்டு நாள் புளித்த மாவின் வாடை வரும்; கசிவு கரும்பழுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். மஞ்சளாகவோ வெளிறியோ சீழ் வடிந்தால் பாக்டீரியாக்களைச் சந்தேகிக்க வேண்டும். பச்சை சாயல் கொண்ட வழவழப்பான சீழும், புண்பட்டு இரத்தம் கசியும் தோலும், அருகில் நிற்கவொண்ணாத நாற்றமும் சேர்ந்திருந்தால் அது கொடிய வகை. பிறகு காதுக்குக் கீழே, தாடையின் பின்புறம், விரல்களால் குழாயைப் பிடித்து இலேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். சாதாரணமாக அது ரப்பரைப்போல் வளைந்துகொடுக்கும். உள்ளே திரவம் தேங்கியிருந்தால் 'சளக், சளக்' என்று ஓசை கேட்கும். கட்டையாக விறைத்திருந்தால், நெடுநாள் அழற்சியினால் குருத்தெலும்பு சுண்ணாம்பேறிக் கெட்டிப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அது நல்ல அறிகுறியன்று. ஓயாமல் தலையை உதறியதன் விளைவாக மடலுக்குள் இரத்தக்குழாய் அறுந்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் தேங்கி, மடல் உப்பிப் போவதும் உண்டு. அந்த வீக்கத்தை மட்டும் வடித்துவிட்டுக் காதுக்குள் இருக்கும் அரிப்பைக் கவனியாது விட்டால், நாய் மறுபடியும் உதறும்; மடல் மறுபடியும் உப்பும்.

இவ்வளவும் வீட்டில் செய்யத்தக்கவை. இதற்கப்பால் மருத்துவரின் மேஜைக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே நடக்கிற ஒரு சிறு பரிசோதனையைச் சற்று விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் காதுநோய்ச் சிகிச்சையின் வெற்றி தோல்விகளில் பாதி அதைச் செய்வதிலும் செய்யாமல் விடுவதிலும் அடங்கியிருக்கிறது. மருத்துவர் பஞ்சுக்குச்சியொன்றைக் குழாயின் திருப்பம் வரையில் செலுத்தி, கசிவில் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டுகிறார். துடைப்பதில்லை, உருட்டுகிறார், துடைத்தால் உயிரணுக்கள் சிதைந்துவிடும். வலக்காதுக்கு ஒரு தகடு, இடக்காதுக்கு ஒரு தகடு. தகட்டை இலேசாகச் சூடுகாட்டி, நீலமும் சிவப்புமான சாயங்களில் தோய்த்து, நீரில் அலசி, ஓர் எண்ணெய்த் துளியிட்டு, 1000 மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார். பத்து நிமிஷத்துக்குமேல் ஆகாத காரியம். ஊதா நிறத்தில், ஒரு முனை பருத்து நடுவில் சற்றே இடுங்கிய உருவங்கள் கூட்டங்கூட்டமாகத் தென்பட்டால் அவை ஈஸ்ட். சிறு உருண்டைகள் இரண்டிரண்டாகவும் கொத்துக்கொத்தாகவும் கிடந்தால் பெரும்பாலும் நாய்த்தோலில் எப்போதும் வசிக்கிற ஸ்டெபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. குச்சி வடிவங்கள் தென்பட்டால், அவற்றைச் சுற்றிலும் அவற்றை விழுங்கிய வெள்ளணுக்களும் சிதறிக் கிடந்தால், சூடோமோனாஸ் என்னும் கொடிய பாக்டீரியாவைச் சந்தேகித்துக் கசிவை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று அறிந்துகொள்வது உத்தமம். இந்தத் தகட்டைப் பார்க்காமல் எழுதப்படுகிற மருந்து, ஊகத்தின்மேல் எழுதப்படுகிற மருந்து.

அந்த ஈஸ்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. மனிதத் தோலின் செதில்களில் இத்தகைய நுண்காளானை 1874-ஆம் ஆண்டில் வர்ணித்த பிரெஞ்சு விஞ்ஞானி மலாசே என்பவரின் பெயரால் அப்பேரினம் முழுவதும் மலாசீசியா என்று வழங்குகிறது. நாயின் காதில் வாழும் இனமோ முதன்முதலில் நாயிடத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மிருகக்காட்சிசாலையில், தோல் உரிந்து துன்புற்ற இந்தியக் காண்டாமிருகம் ஒன்றின் செதில்களிலிருந்து வீட்மன் என்ற ஆராய்ச்சியாளர் அதைப் பிரித்தெடுத்து 1925-இல் விவரித்தார். நாயின் காதுநோயில் அதன் பங்கு, 1955-ஆம் ஆண்டு சுவீடனில் குஸ்டாஃப்சன் எழுதிய ஆராய்ச்சிக்குப் பின்னரே விரிவாக விளங்கிற்று. இந்த ஜீவராசி வெளியிலிருந்து படையெடுத்து வருவதன்று. ஆரோக்கியமான நாயின் காதிலும் சொற்ப அளவில் குடியிருந்துகொண்டு, தோலின் கொழுப்பை உண்டு வாழ்கிறது. கொழுப்பும் ஈரமும் மிகும்போது பெருகுகிறது. பெருகியபின் அதுவே தோலை மேலும் எரிச்சலூட்டிச் சுரப்பை மிகைப்படுத்துகிறது. ஆகையால் ஈஸ்டை மட்டும் கொன்றுவிட்டு, சுரப்பை மிகைப்படுத்திய காரணத்தைத் தொடாமல் விட்டால், எஞ்சிய சிலவே மறுபடி பல்கிப் பெருகுவதற்கு அதிக நாட்கள் ஆவதில்லை.

காதுநோய் ஒரே காரணத்தால் விளைவதன்று, இடங்கொடுக்கும் காரணம், மூலகாரணம், நோயை நீடிக்கச் செய்யும் காரணம் என்று பிரித்து அறிய வேண்டியது என்பதை ஜான் ஆகஸ்ட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1988-இல் தெளிவாக எடுத்துக்காட்டினார். கிரெய்க் கிரிஃபின் முதலிய தோல்நோய் நிபுணர்கள் அதைப் பிற்காலத்தில் செப்பனிட்டு, கிருமிகளை மூலகாரணத்தைத் தொடர்ந்து வரும் விளைவுகளாகத் தனியே வைத்தார்கள். இந்தப் பாகுபாட்டைப் படிக்கும்போது, இத்தனை காலமும் நாம் சிகிச்சை செய்துவந்தது நோயின் நிழலுக்கா என்ற எண்ணம் எழாமற் போகாது.

மூலகாரணங்களில் தலையாயது ஒவ்வாமை. வீட்டுத்தூசியில் வாழும் நுண்பூச்சி, புல்லின் மகரந்தம் ஆகியவற்றுக்கு உடல் மிகையாக எதிர்ப்புக் காட்டுகிற நாய்கள் பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் அரிப்பைக் காட்டத் தொடங்குகின்றன. பாதங்களை நக்குகின்றன, வயிற்றையும் அக்குளையும் சொறிகின்றன, இரண்டு காதுகளும் சிவந்து வெதுவெதுப்பாகின்றன. பாதத்து மயிர் எச்சிலால் செம்பழுப்பேறியிருக்கிற நாயின் காதைப் பரிசோதிக்கிறவர், காதோடு நில்லாமல் பாதத்தையும் பார்க்கத் தெரிந்தவராயிருந்தால் நோயின் பாதி வரலாறு விளங்கிவிடும். உணவொவ்வாமையும் இப்படியே, மாட்டிறைச்சி, பால், கோழி ஆகிய மூன்றும் அதில் அடிக்கடி அகப்படுகிறவை. நம் வீடுகளில் நாய்க்குத் தினமும் போடப்படுவது தயிர்சாதமும் கோழிச்சாறு கலந்த சோறும் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். சில நாய்களிடத்தில் உணவொவ்வாமையின் ஒரே அடையாளம் காதுநோயாகவே இருக்கிறது. அதைக் கண்டறிவதற்கு நம்பத்தக்க இரத்தப் பரிசோதனை கிடையாது; அந்த நாய் இதுவரை உண்டிராத ஒரு புலாலையும் ஒரு மாவுப்பொருளையும் மட்டும் 8 வாரம் கொடுத்து, பிஸ்கட்டும் பாலும் மேஜையடித் துணுக்குகளும் அறவே நிறுத்தி, அரிப்பு தணிகிறதா என்று பார்த்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு மீள்கிறதா என்றும் பார்ப்பது ஒன்றே வழி. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் பரிதாபப்பட்டுப் போடுகிற ஒரு ரொட்டித்துண்டு இந்த 8 வாரத்தையும் வீணாக்கிவிடும். ஆகையால் வீட்டார் அனைவரும் உடன்பட்ட பின்பே இதைத் தொடங்குவது நன்று.

குட்டிகளிடத்தில் நிலைமை வேறு. காதிலிருந்து கறுப்புக் கலந்த பழுப்புநிறப் பொருக்குகள் உலர்ந்து உதிர்ந்தால், ஓட்டோடெக்டிஸ் என்னும் எட்டுக்கால் நுண்பூச்சியை நினைக்க வேண்டும். பொருக்கைக் கறுப்புக் காகிதத்தின்மேல் தட்டி, வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் வெண்புள்ளிகள் மெல்ல ஊர்வது தெரியும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் முட்டையிலிருந்து முழுவளர்ச்சி பெறும் இப்பூச்சி, நாயிடமிருந்து பூனைக்கும் பூனையிடமிருந்து நாய்க்கும் தாராளமாகப் பரவுவதால், வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை செய்ய வேண்டும். செலமெக்டின், மாக்சிடெக்டின் ஆகியவை பிடரித் தோலில் விடும் மருந்துகளாகவும், வேறு சில மாத்திரைகளாகவும் கிடைக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதென்று ஐவர்மெக்டினைத் தாமே வாங்கிக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கோலி முதலிய மேய்ப்பு நாயினங்களில், அம்மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் புரதத்தில் பிறவிக் குறை உள்ளவை பல, அவற்றுக்கு அது உயிராபத்தாக முடியும். நன்றாயிருந்த நாய் வயல்வெளியில் ஓடிவிட்டு வந்தவுடன் ஒரு காதை மட்டும் சாய்த்துக்கொண்டு வெறிபிடித்தாற்போல் உதறினால், ஊசிப்புல்லின் கூர்விதையோ ஓர் உண்ணியோ உள்ளே போயிருக்கலாம். நடுவயதில் புதிதாக வருகிற காதுநோய்க்குத் தைராய்டு சுரப்பியின் குறைவையும், முதுமையில் ஒரு காதில் மட்டும் வருகிறதற்குக் கட்டியையும் சந்தேகிப்பது மருத்துவ மரபு.

சிகிச்சையின் முதற்படி செவிப்பறையைப் பார்ப்பது. விளக்குப் பொருத்திய கருவியால் மருத்துவர் அதைப் பார்த்து, முழுதாக இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று நிச்சயித்துக்கொள்ளாமல் எந்தத் திரவத்தையும் உள்ளே விடுவது சரியன்று. ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளும், அதிகச் செறிவுள்ள குளோர்ஹெக்சிடின் போன்ற சில கழுவுநீர்களும், கிழிந்த பறையின் வழியாக உட்செவியை அடைந்தால் கேட்கும் சக்தியையும் உடலின் சமநிலையையும் கெடுத்துவிடக்கூடும். சென்ற ஆண்டு மிச்சமான சொட்டு மருந்தையும், வீட்டிலுள்ள குழந்தைக்கு வாங்கிய காது மருந்தையும் நாயின் காதில் விடுவதை நான் இவ்வளவு கண்டிப்பாக மறுப்பது இதனால்தான். குழாய் வீங்கி அடைத்திருந்து பறையைப் பார்க்கவே முடியாவிட்டால், மருத்துவர் பிரெட்னிசோலோன் மாத்திரையைச் சில தினங்கள் கொடுத்து வீக்கத்தை வற்றச் செய்து, பிறகு பார்ப்பார். அழற்சியைத் தணிக்கும் இந்த ஸ்டீராய்டு இனத்து மருந்துகளைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். நீரிழிவு போன்ற நோயுள்ள நாய்க்கு அவை கூடாதென்பது மெய்யே, ஆயினும் வீங்கிய காதில் கிருமிநாசினி உள்ளே இறங்குவதற்கே வழியைத் திறந்துவிடுகிறவை அவைதாம். நாய்க்கான காதுச் சொட்டு மருந்துகளில் பெரும்பாலானவை ஒரு ஸ்டீராய்டும், ஈஸ்டைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் அல்லது மைக்கனசோலும், பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு மருந்தும் சேர்ந்த கலவைகளாகவே இருப்பதற்கும் இதுவே காரணம்.

அழுக்கின்மேல் விட்ட மருந்து அழுக்கோடு போகும். ஆகையால் முதலில் கழுவ வேண்டும். மருத்துவர் கொடுத்த கழுவுநீர்ப் புட்டியைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த திரவம் சட்டென்று உள்ளே இறங்கினால் நாய் பயந்துபோகும், அடுத்த நாள் புட்டியைக் கண்டதுமே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். மடலை மேல்நோக்கிப் பிடித்து, புட்டியின் முனை தோலில் படாமல், குழாய் நிரம்பித் ததும்பும் வரை விடுங்கள். பிறகு காதின் அடியை அரை நிமிஷம் பிசைந்துவிட்டுக் கையை எடுத்தால், நாய் தானே தலையை உதறும். திருப்பத்துக்கு அப்பாலிருந்த அழுக்கை வெளியே கொண்டுவருவது அந்த உதறல்தான், ஆகவே அதைத் தடுக்காமல் நாம்தான் விலகிக்கொள்ள வேண்டும். மேலே வந்ததை விரலில் சுற்றிய பஞ்சினால் துடைத்து, விரல் போகும் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பஞ்சுக்குச்சி வீட்டில் கூடாது. அது அழுக்கைத் திருப்பத்துக்கு அப்பால் தள்ளி இறுக்கிவிடும். கால் மணி நேரம் உலரவிட்டு, அதன்பின் சொட்டு மருந்து. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் புண்ணான தோலை எரிக்கும். வேப்பெண்ணெயும் காய்ச்சிய பூண்டெண்ணெயும் வழியை அடைத்து ஈஸ்டுக்கு உணவாகும்.

தெருநாய்களின் காதில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருப்பதைக் கண்டு மனமிரங்கி, டர்பன்டைனோ மண்ணெண்ணெயோ ஊற்றுகிறவர்கள் நம்மூரில் உண்டு. அவர்களுடைய தயை மெச்சத்தக்கது. ஆனால் அந்தத் திரவம் பச்சைப் புண்ணில் படுகிற வேதனை சொல்லுந்தரமன்று, புழுக்களில் பல அதற்கு ஒதுங்கி இன்னும் ஆழமாகச் செல்கின்றன. மயக்கமருந்து கொடுத்து ஒவ்வொன்றாகக் குறடினால் எடுப்பதும், எஞ்சியவற்றைக் கொல்லும் மாத்திரையோ ஊசியோ போடுவதுமே முறை. இதை எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் செய்வார்கள்.

சொட்டு மருந்தை எத்தனை நாள் விடுவது? வாடை போய்விட்டது, சொறிவது நின்றுவிட்டது என்று ஐந்தாம் நாளே நிறுத்துவது பெருவழக்கு. அதைவிட நோயை வளர்க்கும் வழி வேறில்லை. மேலே தோல் ஆறியபின்னும் ஆழத்தில் கிருமிகள் மிஞ்சியிருக்கும். இரண்டு வாரம் கழித்து நாயைத் திரும்பவும் கொண்டுபோய், முன்போலவே தகடு எடுத்துப் பார்த்து, அதில் கிருமிகள் அடங்கிவிட்டன என்று தெரிந்த பின்னரே நிறுத்த வேண்டும். மிச்சம் பிழைத்த சூடோமோனாஸ் இருக்கிறதே, அது சாதாரணமாகவே பல மருந்துகளுக்கு அடங்காத ஜாதி. பாதியில் விட்ட சிகிச்சை அதை இன்னும் உறுதிப்படுத்துகிறது. மேலும் அது தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தை நெய்துகொண்டு அதற்குள் மறைந்து வாழக் கற்றது. அப்படலத்தைக் கழுவி நீக்கி, டிரிஸ்-ஈடிடிஏ என்னும் காரக் கரைசலை முன்கூட்டியே விட்டுக் கிருமியின் சுவரைத் தளர்த்திய பிறகே மருந்து உள்ளே பாய்கிறது. இத்தகைய காதுகளில் நோய் பறையைத் துளைத்து நடுச்செவிக்குள் புகுந்திருப்பதும் சகஜம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பது, கண்மணிகள் பக்கவாட்டில் துடிப்பது, ஒரு புறத்து உதடு தொங்கி எச்சில் வடிவது, ஒரு கண் சுருங்கி உள்வாங்குவது, வாயைத் திறந்தால் வீறிடுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எல்லாம் செய்தும் குழாய் சுண்ணாம்பேறி அடைத்துப்போன காதுக்கு மருந்தினால் பயனில்லை. செங்குத்தான பகுதியின் வெளிச்சுவரைத் திறந்துவிடும் அறுவை முறையைச் செப் என்பவர் 1949-இல் வெளியிட்டார். பல நாய்களுக்கு உதவிய முறை, ஆயினும் காக்கர் ஸ்பேனியல்களின் முற்றிய காதுகளில் அது பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. இன்று அந்நிலையில் செய்யப்படுவது, நோயுற்ற குழாய் முழுவதையும் அறுத்தெடுத்து, நடுச்செவியின் எலும்பறையையும் திறந்து சுத்தம் செய்யும் பெரிய சிகிச்சை. முகநரம்பு அந்தக் குழாயை ஒட்டியே ஓடுவதால் கைதேர்ந்த நிபுணரே செய்யத்தக்கது. அந்தக் காதின் கேட்கும் சக்தி பெரும்பாலும் போய்விடும், உரத்த ஓசைகள் மட்டும் எலும்பின் வழியாக ஓரளவு எட்டலாம். அதற்கு ஈடாக நாய்க்குக் கிடைப்பது வலியற்ற தலை. மாதக்கணக்கில் மூலையில் படுத்திருந்த நாய், தையல் ஆறியதும் எழுந்து வந்து பந்தைக் கேட்கிறது என்று அதை வளர்ப்பவர்கள் சொல்வது வழக்கம். ஒவ்வாமையால் அந்த நிலைக்கு வந்த நாயாயின், தையல் பிரிக்க வரும் அன்றே மறு காதுக்கும் ஒரு தகடு எடுத்துப் பார்த்து, உணவுச் சோதனையை அந்த வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். அறுத்தெடுத்த குழாயைக் கெடுத்த அதே தோல்தான் எஞ்சிய காதிலும் மடிந்து கிடக்கிறது.